கும்பிடும் குழந்தையும் டாக்டர்களின் படிப்பும்

தேவாரம், பண்ணைப்புரம், சிலமலை, போடி முதலிய இப்பக்கத்து ஊர்களில் ஏலத்தோட்ட வேலையை நம்பி வாழும் குடும்பங்கள் அநேகம் உண்டு. விடியும் முன்னே தாய் தூக்குச்சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறி மலைக்குப் போய்விடுகிறாள். தகப்பனும் அப்படியே. கைக்குழந்தை பாட்டியிடம் இருக்கிறது. ஐந்தாறு மாதம் ஆன அந்தக் குழந்தை ஒரு நாள் தூங்கி விழித்ததும் தலையைச் சடக்கென்று முன்னால் சாய்க்கிறது, இரண்டு கைகளையும் விரித்து மடக்குகிறது, இடுப்பு வளைகிறது. ஒரு நொடி, இரண்டு நொடியில் சரியாகி விடுகிறது. சற்றுப் பொறுத்து மறுபடியும் அதே மாதிரி. இப்படிப் பத்துத் தடவை, இருபது தடவை. பிறகு அழுகை. இதைப் பார்த்த பாட்டி, “என் பேரன் சாமி கும்பிடுறான்” என்று சொல்லிப் பூரிக்கிறாள். பக்கத்து வீட்டு அம்மாள், “உரம் விழுந்திருக்கு, சேலையிலே போட்டு உருட்டு” என்கிறாள். இன்னொருத்தி, “குடல் ஏத்தம்” என்கிறாள். கடைசியில் ஒருவன் வந்து, “காத்துக் கறுப்பு” என்று சொல்லிக் கோழியும் கறுப்புக் கயிறும் கேட்கிறான்.

தோழர்களே! குழந்தை கும்பிடவில்லை. அதன் மூளையில் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. கை கால் வெட்டி, வாயில் நுரை தள்ளினால்தான் வலிப்பு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கைக்குழந்தைகளுக்கு வரும் இந்த வலிப்பு அப்படிப்பட்டதல்ல. பார்வைக்குச் சாதுவாக இருக்கும். செய்கிற கேடோ பெரிது. நேற்று வரையில் தாயைப் பார்த்துச் சிரித்த குழந்தை சிரிப்பை மறக்கும். கழுத்து நின்ற குழந்தைக்குக் கழுத்து தொங்கும். நாள் கடத்தக் கடத்த, குழந்தை பேசுவதும் நடப்பதும் அறிவு வளர்வதும் சந்தேகத்துக்கு இடமாகிவிடும். சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து ஆரம்பித்தால் அநேக குழந்தைகளுக்கு வலிப்பை நிறுத்த முடியும். எந்தக் காரணத்தால் வந்தது என்பதைப் பொறுத்துப் பலன் கூடும், குறையும். இதற்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்றான பிரட்னிசோலோன் மாத்திரை விலை உயர்ந்த சரக்குமல்ல. டாக்டரின் மேற்பார்வை மட்டும் கட்டாயம் வேண்டும். ஆகவே, இதில் அருமையான பொருள் மருந்தல்ல. நோயை அறிந்துகொள்ளும் கண்தான் அருமையாயிருக்கிறது.

இந்த நோயை முதன் முதல் சரியாக எழுதி வைத்தவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கில டாக்டர். 1841-ஆம் வருஷத்தில் அவர் லண்டன் ‘லான்செட்’ பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் அவர் விவரித்த நோயாளி அவருடைய சொந்தப் பிள்ளை! அட்டை விட்டுப் பார்த்தார், பேதிக்குக் கொடுத்துப் பார்த்தார், அபினி கொடுத்தும் பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. குழந்தை குனிவது சலாம் போடுவது போலிருந்ததால் ‘சலாம் வலிப்பு’ என்ற பெயர் அப்போதே வழங்கியது. நம் பாட்டி கும்பிடு என்கிறாள். வெள்ளைக்காரன் சலாம் என்றான். இருவர் கண்ணும் ஒன்றையே கண்டன. ஆனால் வித்தியாசம் எங்கே? அந்த டாக்டர், “எனக்கு இது தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்” என்று நாலு பேர் அறியப் பத்திரிகையில் கேட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்தக் கடிதத்திலிருந்துதான் இந்த நோயைப் பற்றிய அறிவே பிறந்தது. ‘எல்லாம் விதி’ என்று அவரும் இருந்திருப்பாரானால் இன்னும் எத்தனை காலம் குழந்தைகள் வீணாகக் ‘கும்பிட்டுக்’ கொண்டிருந்திருக்குமோ!

நமது உறவில் ஒரு குழந்தைக்கு இது நேர்ந்தது. நாம் ஊர் ஊராய்ப் போய்ப் பேய் இல்லை, பிசாசு இல்லை என்று பேசுகிறவர்களாதலால், நம் வீட்டார் கோடாங்கியிடம் போகவில்லை. நேரே டாக்டரிடம்தான் போனார்கள். டாக்டர் நல்லவர். வயிற்று வலி என்று சொட்டு மருந்து கொடுத்தார். பிறகு வேறொரு டாக்டர். அவரும் அதையே சொன்னார். மூன்றாவது டாக்டரிடம் போய், அவர் கண்டுபிடித்து, மூளை அலையைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்து, மருந்து ஆரம்பிப்பதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. அந்தக் குழந்தைக்கு இப்போது பள்ளிக்கூட வயது. பேச்சு வரவில்லை. கோடாங்கியை ஒழித்தால் போதும் என்று எண்ணியிருந்த நமக்கு அன்றுதான் ஒரு புத்தி வந்தது. மக்களை மந்திரவாதியிடமிருந்து மீட்டு டாக்டரிடம் கொண்டுவந்து விடுவது பாதி வேலைதான். அங்கே இருக்கும் டாக்டருக்கு அந்த நோய் தெரிந்திருக்க வேண்டுமென்பது மறு பாதி. ஆதலால்தான் டாக்டர்கள் படிக்கும் படிப்பைப் பற்றி நாம் தலையங்கம் எழுதத் துணிந்தோம். “உங்களுக்கு இதில் என்ன யோக்கியதை?” என்று கேட்பவர்களுக்கு நம் பதில், நோயாளி வீட்டுக்காரன் என்கிற யோக்கியதைதான்.

டாக்டர்களைக் குற்றம் சொல்லுவது நம் நோக்கமல்ல. அவர்களையும் ஒரு பேய் பிடித்திருக்கிறது. அதற்கு ‘நியூரோபோபியா’ என்று பெயர். அதாவது நரம்பியல் என்றாலே ஏற்படுகிற பயம். 1994-இல் அமெரிக்க நரம்பியல் டாக்டர் ஜோசபோவிக்ஸ் என்பவர் மருத்துவ மாணவர்களிடம் கண்ட இந்தப் பயத்துக்கு இப்பெயரை வைத்தார். மூளை, தண்டுவடம், நரம்பு, தசை என்று ஆயிரம் பெயர்களை உருப்போடச் சொல்லி, அவற்றை நோயாளியின் படுக்கையோடு சேர்த்துக் காட்டாமல் விட்டதால் வந்த பயம் அது. பெரியவர்களின் நரம்பு நோய்க்கே இப்படியென்றால் குழந்தையின் கதி என்ன? குழந்தை தன் நோயைச் சொல்லாது. அதன் மூளையோ மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டிருப்பது. இரண்டு மாதத்தில் சரியாயிருப்பது பத்து மாதத்தில் நோயாயிருக்கும். பச்சைக் குழந்தை சத்தம் கேட்டுத் திடுக்கிட்டுக் கையை விரிப்பது இயற்கை. ஏழெட்டு மாதத்திலும் அப்படி விரித்தால் யோசிக்க வேண்டும்.

குழந்தை நரம்பியலுக்கென்றே மூன்று வருஷம் படிக்கும் டி.எம். பட்டம் நம் நாட்டில் இருக்கிறது. ஆனால் அப்பட்டம் பெற்றவர்கள் பெரிய பட்டணங்களில் இருப்பார்களே தவிர, சாக்கலூத்து மெட்டின் அடிவாரத்தில் வந்து உட்காரப் போவதில்லை. இங்கிருந்து போடி, தேனி வழியாய் க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைத் தூக்கிப் போனால் முதலில் பார்ப்பவர் யார்? இரவு ட்யூட்டியில் தூக்கமில்லாமல் நிற்கும், படித்துக்கொண்டிருக்கும் இளம் டாக்டர்தான். அவர் கண்ணில் பட்டால் குழந்தை பிழைத்தது, படாவிட்டால் போயிற்று. அவருக்கு யார் சொல்லிக் கொடுப்பது? எப்போது சொல்லிக் கொடுப்பது?

இங்கேதான் இண்டர்நெட் வழியாய்த் தானே படிக்கும் முறை வருகிறது. 1909-இல் ஏற்பட்ட சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் இண்டர்நெட்டில் ஒரு பாடசாலையே நடத்துகிறது. பிரிட்டிஷ் குழந்தை நரம்பியல் சங்கத்தார் தூரத்திலிருந்து படிப்பதற்குப் பாடம் நடத்துகிறார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸும் இந்த வழியில் போதிக்கிறது. நம் நாட்டு எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலேயே 2019 முதல் ‘தானே கற்றல்’ என்று மணிக்கணக்கு ஒதுக்கியாகிவிட்டது. இவையெல்லாம் வரவேற்க வேண்டியவையே. வீட்டிலிருந்தும், வார்டிலிருந்தும், நடு இராத்திரியிலும் படிக்கலாமென்றால் யார்தான் வேண்டாமென்பார்கள்?

ஆனால் நமக்கு ஒரு பயம் உண்டு. புராணப் பிரசங்கம் எப்படி நடக்கிறது? ஒருவர் சொல்லுகிறார், மற்றவர்கள் தூங்குகிறார்கள், முடிவில் சுண்டல் கிடைக்கிறது, புண்ணியம் வந்துவிட்டதென்று வீட்டுக்குப் போகிறார்கள். ஒரு பேராசிரியர் மணிக்கணக்காய்ப் பேசியதைப் படம் பிடித்துத் திரையில் ஓட விட்டு, கடைசியில் பத்துக் கேள்வி கேட்டு, ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டால் இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? ஐந்து வருஷத்தில் முப்பது மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டுமென்பது டாக்டர்களுக்கு 2002-இல் செய்யப்பட்ட விதி. விதி நல்லதுதான். ஆனால் மணியைக் கணக்கெடுத்தால் மணி சேரும், அறிவு சேருமா? அப்படிச் சேர்த்த சர்ட்டிபிகேட் டாக்டர் கட்டிக்கொள்ளும் தாயத்தே ஒழிய வேறில்லை. குழந்தை கையில் தாயத்து, டாக்டர் சுவரில் தாயத்து என்றால் நோய் யாரைக் கண்டு பயப்படும்?

நாம் அதிகம் பள்ளிக்கூடம் பார்த்தவர்களல்ல. படிப்பகத்திலும் டீக்கடை பெஞ்சியிலும் எழுத்துக்கூட்டிப் படித்து, தானே கற்றவர்கள்தான். ஆதலால் தானே கற்பதன் நன்மையும் தெரியும்; அதன் மோசமும் தெரியும். நன்மை என்னவென்றால், எது நமக்குத் தெரியவில்லையோ அதைத் தேடிப் படிக்கிறோம். மோசம் என்னவென்றால், தப்பாகப் புரிந்துகொண்டதைத் திருத்துவார் இல்லாமல் பத்து வருஷம் மேடையில் தப்பாகவே பேசியிருக்கிறோம். கூட்டத்தில் எழுந்து ஒருவர் கேள்வி கேட்ட பிறகுதான் நம் தப்பு நமக்கே தெரிந்தது. கேள்வி இல்லாத படிப்பு நம்மைப் போன்ற பிரசாரகனுக்குக் கெட்ட பெயரைத்தான் கொடுக்கும். டாக்டருக்கோ ஒரு குழந்தையின் வாழ்வையே கெடுத்துவிடும். ஆகவே அப்பாடங்களைச் செய்பவர்கள் நாம் சொல்லும் சிலவற்றைக் கவனிக்க வேண்டுகிறோம்.

முதலாவது, பாடம் நோயின் பெயரில் ஆரம்பிக்கக் கூடாது. குழந்தையில் ஆரம்பிக்க வேண்டும். கனடாவில் மாக்மாஸ்டர் சர்வகலாசாலையார் 1969-இல் மருத்துவப் பள்ளி தொடங்கியபோது இப்படித்தான், நோயாளியின் தொந்தரவை முதலில் வைத்து, படிப்பைப் பின்னால் வைத்தார்கள். அங்கே பின்னர் சேர்ந்து இம்முறையை உலகெங்கும் பரப்பிய ஹோவர்ட் பாரோஸ் ஒரு நரம்பியல் டாக்டரே. திரையில் நாலு குழந்தைகளின் வீடியோவைக் காட்டட்டும். பெற்றோர் சம்மதத்தோடு எடுத்ததாயும், இன்னார் பிள்ளை என்று தெரியாததாயும் இருக்கட்டும். ஒன்று சும்மா திடுக்கிடுகிறது. ஒன்று வயிற்று வலியால் நெளிகிறது. ஒன்று சிறுநீர் கழிக்கையில் சிலிர்க்கிறது. ஒன்று சலாம் வலிப்பு. எது எது என்று டாக்டர் முதலில் துணிந்து சொல்லட்டும். சொன்ன பிறகே பதில் வரட்டும். தப்பாயிருந்தால், தப்பு என்று மட்டும் சொல்லாமல், எதைக் கவனிக்கத் தவறினார் என்று சொல்லட்டும். கூட்டங்கூட்டமாய் வந்ததா? தூங்கி விழித்ததும் வந்ததா? சிரிப்பு நின்றதா? திரையில் செய்த தப்பால் எந்தக் குழந்தையும் கெடுவதில்லை. தப்பு செய்ய வேண்டிய இடம் அதுதான்.

இரண்டாவது, எப்படி யோசிப்பது என்று கற்றுக் கொடுக்க வேண்டும். நரம்பியலுக்கு ஒரு நேரான வழி உண்டு. முதலில், கோளாறு எந்த இடத்தில்? மூளையிலா, தண்டுவடத்திலா, நரம்பிலா, நரம்பும் தசையும் சேரும் இடத்திலா, தசையிலா? பிறகுதான், என்ன காரணம்? தரையிலிருந்து எழும்போது தன் தொடையில் தானே கை ஊன்றி ஏறி நிற்கும் நாலு வயதுப் பையனைச் ‘சோம்பேறி’ என்று வாத்தியார் அடிக்கிறார். அது இடுப்புத் தசையின் பலவீனம். தசை நோயின் அடையாளமாயிருக்கலாம். இந்த இரண்டு கேள்வியையும் ஒவ்வொரு பாடத்திலும் டாக்டர் தாமே எழுதிப் பழகினால் ஆயிரம் பெயரை உருப்போட வேண்டிய பயம் தானே போய்விடும்.

மூன்றாவது, ஒரு தடவை படித்தது போதாது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006-இல் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். படித்ததையே திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்து வைத்த பரீட்சையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த பரீட்சையிலோ, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். பாராயணம் செய்தவனுக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும்; அது மயக்கம். ஆகையால் இன்று கேட்ட கேள்வியையே அடுத்த வாரமும், அடுத்த மாதமும் வேறு குழந்தையின் உருவில் திரும்பக் கேட்கும்படி பாடத்தைச் செய்ய வேண்டும்.

நான்காவது, தானே கற்பது என்றால் தனியே விடுவது என்று அர்த்தமல்ல. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ என்னும் ராஜ்யத்தில் சஞ்சீவ் அரோரா என்ற டாக்டர் 2003-இல் ‘எக்கோ’ என்ற திட்டத்தை ஆரம்பித்தார். ஈரல் நோயாளிகள் பட்டணத்துக்கு வந்து காத்துக் கிடப்பதற்குப் பதிலாக, தூரத்து ஊர்களின் டாக்டர்கள் தத்தம் நோயாளியின் விவரத்தைத் திரை வழியே சொல்லி, நிபுணரிடமும் மற்ற டாக்டர்களிடமும் யோசனை கேட்டுத் தாங்களே வைத்தியம் செய்தார்கள். நிம்ஹான்ஸும் இதைக் கைக்கொண்டிருக்கிறது. குழந்தை நரம்பியலிலும், படிக்கிற டாக்டர் வாரம் ஒரு முறையாவது தம் சந்தேகத்தைக் கொண்டுபோய்க் கொட்டவும், தம் தப்பை வெட்கமில்லாமல் சொல்லவும் ஒரு இடம் வேண்டும். வெஸ்ட் எழுதிய கடிதத்தின் வேலையும் இதுதானே! கேட்டதற்கெல்லாம் நொடியில் பதில் சொல்லும் கருவிகளும் இப்போது வந்துவிட்டன. ரிஷி வாக்கியத்தை விட்டுவிட்டு இயந்திர வாக்கியத்தைப் பிடித்துக்கொள்வது பகுத்தறிவாகாது. அதனிடமும், “எதைக் கொண்டு சொல்லுகிறாய்?” என்று கேட்கப் பழக்க வேண்டும்.

ஐந்தாவது, பாடம் செய்பவர்கள் நம் மலையடிவாரத்தை நினைக்க வேண்டும். டாக்டருக்கு ஓய்வாகக் கிடைப்பது கால் மணி நேரம். பாடமும் கால் மணிக்குள் அடங்கட்டும். சிக்னல் இல்லாத இடத்திலும் படிக்கும்படி முன்கூட்டியே செல்போனில் இறக்கிக்கொள்ள வசதி இருக்கட்டும். அதைவிட முக்கியம் பேச்சு. தாய் வந்து ‘வலிப்பு’ என்று சொல்லமாட்டாள். ‘வெட்டு’ என்பாள், ‘ஜன்னி’ என்பாள், ‘திடுக்கிடுது’ என்பாள், ‘உரம்’ என்பாள். இச்சொற்கள் பாடத்தில் இருக்க வேண்டாமா? மலைக்குப் போன தாய் அந்த வலிப்பைப் பார்த்திருக்கவே மாட்டாள். பார்த்தவள் வீட்டிலிருக்கும் பாட்டி. “பார்த்தது யார்?” என்று கேட்டு, அந்தப் பாட்டியைப் போனில் கூப்பிட்டுப் பேச டாக்டருக்குக் கற்றுக்கொடுக்காத பாடம் எவ்வளவு அழகாயிருந்தும் நமக்குப் பயனில்லை.

ஆறாவது, திரை மட்டுமே போதும் என்றும் சொல்லாதிருக்க வேண்டும். தலைச் சுற்றளவை நாடாவால் அளப்பதும், சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்ப்பதும், குழந்தையின் தோலில் வெளுத்த திட்டு இருக்கிறதா என்று தேடுவதும் கையால் வருகிற வித்தை. ஒவ்வொரு பாடமும், “நாளை வார்டில் இதைச் செய்து பார்த்துவிட்டு வா” என்றுதான் முடிய வேண்டும்.

“குரு இல்லாத வித்தை பாழ்” என்று சொல்லுகிற வைதீகர்கள் சிலர் டாக்டர்களிலும் உண்டு. அவர்களுக்கு ஏகலைவன் கதையை ஞாபகப்படுத்துகிறோம். தானே கற்றவன் தேறிவிட்டான் என்று கண்டதும் குரு செய்தது என்ன? கட்டை விரலைக் கேட்டார். இக்காலத்தில் விரலுக்குப் பதில் டாலரிலும் பவுனிலும் கட்டணம் கேட்கிற பாடங்களும் உண்டு. சம்பளத்தை எண்ணி வாழும் இளம் டாக்டர் எங்கே போவார்? ஏழைப் பிள்ளைக்கு வைத்தியம் செய்யும் அறிவு பணக்கார டாக்டருக்கு மட்டும் விற்கப்படுமானால் அது பழைய அக்கிரகாரத்தின் புது வாசல்தான்.

போடியில் ஏலக்காய் ஏலம் எப்படி நடக்கிறதென்று நம் வாசகர்களுக்குத் தெரியும். வியாபாரிகள் கம்ப்யூட்டருக்கு முன் உட்கார்ந்து பொத்தானை அழுத்த, விலை எல்லோர் கண்ணுக்கும் திரையில் ஓடுகிறது. காய்க்கு இந்த ஏற்பாடு செய்ய முடிந்த நாட்டில், அந்தக் காயை எடுக்கிறவளின் குழந்தைக்குச் செய்ய முடியாது என்றால் யார் நம்புவார்கள்? சென்னை மருத்துவப் பல்கலைக்கழகத்தாரும் சர்க்காரும் மனம் வைத்தால், தமிழ்நாட்டு வார்டுகளிலிருந்தே குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி, தாய்மார் பேசும் சொல்லோடு, காசில்லாமல், எல்லா ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கும் இப்படிப்பட்ட பாடத்தைக் கொடுக்கலாம். கொடுத்த பின் எத்தனை பேருக்கு சர்ட்டிபிகேட் கொடுத்தோம் என்று கணக்குக் காட்ட வேண்டாம். முதல் வலிப்பு வந்த நாளுக்கும் மருந்து ஆரம்பித்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று ஒவ்வொரு ஜில்லாவிலும் கணக்கெடுக்கட்டும். அந்த நாள் குறைந்தால் பாடம் நல்ல பாடம். குறையாவிட்டால் அது பிரசங்கம்.

நிற்க, வாசகர்களுக்கும் வேலை உண்டு. குழந்தை விநோதமாய்க் குனிந்தாலும் உதறினாலும் செல்போனில் படம் பிடியுங்கள். நாளைக் குறித்து வையுங்கள். அன்றோ மறுநாளோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். பெரிய வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்காதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிஷத்தில் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வலிப்பு தெய்வச் செயலல்ல என்று கிரேக்க நாட்டு வைத்தியர்கள் 2,400 வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டார்கள். அப்படியிருந்தும் வலிப்பு உள்ளவரின் திருமணம் செல்லாது என்று வாதாட இந்து விவாகச் சட்டம் 1999 வரையில் இடம் கொடுத்திருந்தது என்றால், மூடநம்பிக்கை கோடாங்கியிடம் மட்டும்தான் இருக்கிறதென்று எண்ண முடியுமா?

டாக்டர் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. “தெரியவில்லை, பார்த்துச் சொல்லுகிறேன்” என்று நீங்கள் சொன்னால் நாங்கள் உங்களைக் குறைவாக எண்ணமாட்டோம். அன்றிரவே கால் மணி நேரம் படித்துவிட்டு மறுநாள் எங்களைக் கூப்பிட்டுவிட்டால் அதுவே பெரிய உபகாரம். நம் உறவுக் குழந்தைக்குப் போன மூன்று மாதம் போனதுதான். இன்று காலை ஜீப்பில் மலைக்குப் போயிருக்கிற தாய்மாரின் குழந்தைகளுக்காகவாவது படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.